நடந்த இடமெல்லாம் நான்கு வெள்ளைப் பூ

ஒல்வென் என்ற பெண் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பாருங்கள். குழந்தைப் பெயர்த் தளங்கள் திரும்பத் திரும்ப ஒரே வரியைத்தான் சொல்லும்: வெள்ளைக் காலடித் தடம். கூடவே 'செல்டிக்', 'இயற்கை சார்ந்தது' என்று இரண்டு முத்திரை. சில தளங்கள் ஒரு படி மேலே போய் ஒல்வென்னைச் சூரிய தேவதை, பொற்சக்கரத் தேவி என்றெல்லாம் எழுதிவைத்திருக்கின்றன. அவள் வருகிற பழைய கதையில் அப்படி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை ஏற்றிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. இருப்பதே அவ்வளவு அழகு.

இந்தப் பெயர் என்னிடம் வந்தது சித்தப்பா மகள் மூலமாக. பிரிட்டனில் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வேலை பார்க்கிறாள், வேல்ஸ்காரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள். பிறக்கப்போவது பெண் என்று தெரிந்ததும் வாட்ஸ்ஆப்பில் ஒரு பட்டியல் அனுப்பினாள். "அண்ணா, எல்லாத்துக்கும் பூ, ஆறு, மலைன்னு அர்த்தம் போட்டிருக்கு. எது நல்லா இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றாள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லா ஊர்ப் பெயரும் செல்டிக் என்ற தலைப்பின் கீழ் கலந்துகிடந்தன. அவள் கணவர் வீட்டில் பேசுவது வெல்ஷ் மொழி. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் ஏறத்தாழ 5,38,000 பேர், மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 17.8 சதவீதம், அந்த மொழியைப் பேசுகிறார்கள். வீட்டில் ஒரு மொழி உயிரோடு இருக்கும்போது பெயரையும் அதிலேயே தேடுவதுதான் சரி என்று வெல்ஷ் பெயர்களை மட்டும் பிரித்தெடுத்தேன். ஒல்வென் வந்ததும் மற்றவற்றைப் பார்க்கவே தோன்றவில்லை. அவளிடம் ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பெயர் இரண்டு துண்டு. 'ஒல்' என்றால் தடம், சுவடு. 'வென்' என்பது வெள்ளை. வெல்ஷில் வெள்ளைக்கு ஆண்பால் 'க்வின்', பெண்பால் 'க்வென்'. இன்னொரு சொல்லோடு சேரும்போது முதல் எழுத்து உதிர்ந்து 'வென்' ஆகிவிடும். ப்ரொன்வென், கெய்ன்வென் என்று அந்த ஊரில் பல பெண் பெயர்களின் வாலில் இந்த வென் நிற்கும். வெள்ளை என்றால் நிறம் மட்டும் அல்ல, அழகும் அருளும் அதில் சேர்த்தி. இதுவரை தளங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தத் தடம் எதனால் வெள்ளையானது என்பதைக் கதையே சொல்கிறது.

கதையின் பெயர் 'கில்ஹூக்கும் ஒல்வென்னும்'. ஆர்தர் அரசன் வருகிற உரைநடைக் கதைகளில் மிகப் பழையது இதுதான் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 12ஆம் நூற்றாண்டிலோ இப்போதைய வடிவம் பெற்றிருக்கலாம் என்கிறார்கள். நமக்குக் கிடைத்திருப்பது 14ஆம் நூற்றாண்டுச் சுவடிகள். 'ரதர்க்கின் வெள்ளைப் புத்தகம்' என்ற சுவடியில் பாதிக் கதைதான் இருக்கிறது. அது அபரிஸ்ட்வித்தில் வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. முழுக்கதை இருப்பது 'ஹெர்கெஸ்ட்டின் சிவப்புப் புத்தகத்தில்'. அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

கில்ஹூக் ஓர் இளவரசன். மாற்றாந்தாய் தன் மகளை அவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாள். எனக்கு இன்னும் வயதாகவில்லை என்று அவன் மறுக்கிறான். அவளுக்குக் கோபம். "ஒல்வென் கிடைக்கும்வரை உனக்கு எந்தப் பெண்ணும் கிடையாது" என்று விதி விதித்துவிடுகிறாள். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பையன் முகம் சிவந்துபோகிறது. பார்த்தே இராத பெண்மேல் காதல் உடம்பெல்லாம் பரவுகிறது. ஆர்தர் அவனுக்குப் பெரியம்மா சித்தி வழி அண்ணன் முறை. அவர் அரண்மனைக்குப் போய் ஒல்வென்னைத் தேடித் தரச் சொல்கிறான். ஆர்தர் அனுப்பிய ஆட்கள் ஒரு வருடம் தேடியும் தகவல் இல்லை. பிறகு கெய், பெட்வீர் என்று ஆர்தரின் பெரிய வீரர்களே கில்ஹூக்கோடு கிளம்புகிறார்கள்.

கதைக்குள் அவள் நுழைகிற இடம் ஓர் ஆட்டிடையர் வீடு. கஸ்டெனின் என்ற அந்த இடையனின் மனைவி சொல்கிறாள்: ஒல்வென் ஒவ்வொரு சனிக்கிழமையும் தலை குளிக்க இங்கேதான் வருவாள். குளிக்கிற பாத்திரத்தில் மோதிரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவாள். அவற்றைக் கேட்டு அவளும் திரும்பி வருவதில்லை, ஆளும் அனுப்புவதில்லை. நகைக்குக் குறைவில்லாத வீட்டுப் பெண் என்று இதைப் படிக்கலாம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அந்த இடையனின் குடும்பத்துக்கு இருபத்து நான்கு பிள்ளைகள். அதில் இருபத்து மூன்று பேரைக் கொன்றவன் ஒல்வென்னின் அப்பா. மிஞ்சிய ஒரு பையனை அந்தத் தாய் பெட்டிக்குள் ஒளித்து வளர்க்கிறாள். அந்த வீட்டில்தான் வாரா வாரம் மோதிரங்களை விட்டுவிட்டுப் போகிறாள் இந்தப் பெண். ஏன் என்று கதை சொல்லவில்லை. அவள் மறந்துபோகிறாள் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

அவள் வருகிறாள். தீக்கொழுந்து நிறத்தில் பட்டாடை, கழுத்தில் முத்தும் சிவப்புக் கல்லும் பதித்த செம்பொன் வளையம். கதைசொல்லி அங்கே நின்றுவிடுகிறான். அவள் கூந்தல் ப்ரூம் பூவைவிட மஞ்சள். அவள் மேனி அலை நுரையைவிட வெள்ளை. உள்ளங்கையும் விரல்களும், ஊற்று பொங்கும் பொடிக்கல் நடுவே சதுப்புச் செடி விடுகிற இளந்தளிரைவிட வெள்ளை. வளர்ப்புப் பருந்தின் கண்ணும் வல்லூறின் கண்ணும் அவள் கண்ணுக்கு ஈடில்லை. மார்பு அன்னத்தின் மார்பைவிட வெள்ளை. கன்னம் ஃபாக்ஸ்குளோவ் பூக்களில் எது மிகச் சிவப்போ அதைவிடச் சிவப்பு. அவளைக் கண்டவர் யாரும் காதலால் நிறைந்துபோவார்கள். அவள் எங்கே போனாலும் அவளுக்குப் பின்னால் நான்கு வெள்ளைக் குளோவர் பூக்கள் முளைத்தெழும். அதனால்தான் அவளுக்கு ஒல்வென் என்று பெயர்.

கூந்தலில் ஆரம்பித்துக் காலடியில் முடிகிற இந்த வரிசையைப் படித்ததும் கேசாதிபாதம் படித்துப் பழகிய தமிழ் மனது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டியது அப்படித்தான். ஆனால் இங்கே பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதம் போன பிறகு என்ன நடந்தது என்பதுதான் சொல்லப்படுகிறது. அழகின் பட்டியல் முழுக்க அவள் உடம்பில் இருக்கிறது. பெயர் மட்டும் அவள் கடந்துபோன மண்ணிலிருந்து வருகிறது.

அந்தப் பூவைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வெள்ளைக் குளோவர் ஊட்டிப் பக்கம் புல்தரைகளிலும் பரவியிருக்கிறது. போனவர்கள் கவனிக்காமல் மிதித்திருப்பார்கள். தரையோடு படர்கிற செடி. மூன்று மூன்றாக இலை, இலையின் நடுவில் வெளிறிய பிறை போல ஒரு கோடு. பூ என்று நாம் பார்க்கிற வெள்ளை உருண்டை ஒரே பூ இல்லை. பல குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து. தேனீ வந்து மகரந்தம் சேர்த்ததும் அந்தக் குட்டிப் பூ பழுப்பாகித் தலை கவிழ்ந்துவிடும். கீழ் வரிசை தொங்கிக்கிடக்க, மேலே உள்ளவை இன்னும் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும். தேனீ எதுவரை வேலை முடித்திருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தச் செடியின் தண்டு மண்மேல் ஊர்ந்துபோகும்போதே கணுவுக்குக் கணு வேர் விடும். துளிர்க்கிற இடம் தரையோடு தரையாக இருப்பதால் ஆடு மேய்ந்தாலும் ஆள் மிதித்தாலும் தாங்கும். உயரமான புல் மிதிபட்டுக் குட்டையாகிற இடத்தில் இதற்கு வெயில் கிடைக்கிறது, இன்னும் நன்றாகப் பரவுகிறது. அதாவது ஆள் நடமாட்டம் இருக்கிற ஒற்றையடிப் பாதையோரம் உண்மையிலேயே குளோவர் பூக்கும். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைப் பிடித்துவைத்து அந்த மண்ணையும் வளமாக்கும். ரோஜாவும் லில்லியும் முளைத்தன என்று கதைசொல்லி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆடு மேய்க்கிற நாட்டில், காலுக்குக் கீழே கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண் சொன்ன வரி இது. இயற்கை சார்ந்த பெயர் என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடும்போது இந்தக் கண் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன்: இது நாலு இலை குளோவர் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கிற நம்பிக்கை அல்ல. நான்கு என்பது பூக்களின் எண்ணிக்கை.

இப்போது அப்பாவுக்கு வருவோம். அரக்கர் தலைவன், பெயர் அஸ்பதாதென். கண்ணிமைகளைத் தூக்கிப் பிடிக்கவே கவைக்கம்பு வேண்டும், அவ்வளவு பெரிய ஆள். அந்தப் பெயருக்கு வெல்ஷில் ஹாதார்ன் மரம் என்று பொருள். பிரிட்டன் முழுக்க வயலைச் சுற்றி உயிர்வேலியாக வளர்க்கிற முள்மரம். மே மாதம் வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஆகாது என்று கிராமங்களில் நம்பிக்கை உண்டு. முள்வேலி அப்பனுக்கு, அடிவைத்த இடமெல்லாம் பூக்கிற மகள். இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒல்வென்னின் பெயரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். இரண்டும் வெள்ளைப் பூதான். ஒன்று நின்ற இடத்திலேயே நின்று வழியை மறிக்கும், இன்னொன்று போன வழியைக் காட்டும்.

மகளுக்குத் திருமணமானால் அப்பாவின் உயிர் போய்விடும் என்பது அந்த அரக்கனின் விதி. அதனால் தன்னைக் கேட்காமல் போகக் கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கிவைத்திருக்கிறான். என்னோடு வந்துவிடு என்று கில்ஹூக் கேட்கும்போது அவள் ஓடிப்போக ஒப்புக்கொள்ளவில்லை. வழி சொல்கிறாள்: அப்பாவிடம் போய்க் கேள், அவர் எதைக் கேட்டாலும் கொண்டுவருகிறேன் என்று சொல், கொஞ்சம் தயங்கினாலும் நான் கிடைக்க மாட்டேன், நீ உயிரோடு திரும்பினால் பெரிய விஷயம். கொடுத்த வாக்கையும் மீறவில்லை, அப்பாவின் வேலியில் எங்கே சந்து இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டாள். கதை முழுவதிலும் அவள் நீளமாகப் பேசுகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் இந்தப் பேச்சில்தான் கதையே நகர்கிறது.

அஸ்பதாதென் வேலைகளை அடுக்குகிறான், ஏறத்தாழ நாற்பது. ஒவ்வொன்றுக்கும் கில்ஹூக்கின் பதில் ஒன்றே: "நீ கஷ்டம் என்று நினைத்தாலும் எனக்கு அது சுலபம்." உடனே அரக்கன்: "அது கிடைத்தாலும் இது கிடைக்காது." இப்படியே பல்லவி போல ஓடும். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் சேர்ந்தே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரக்கன் சொல்கிறான்: இவளுடைய அம்மாவை நான் முதன்முதலில் சந்தித்தபோது அதோ தெரிகிற செம்மண்ணில் ஆளி விதை விதைத்தேன். ஒன்பது மரக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒன்றுகூட முளைக்கவில்லை. அதே விதை எனக்குத் திரும்ப வேண்டும். புது நிலத்தில் விதைத்து, நார் எடுத்து, நெய்து, கல்யாணத்தன்று என் மகள் தலைக்கு வெள்ளை முக்காடு ஆக வேண்டும்.

பிறகு ஒரு நாள் க்விதிர் என்ற வீரன் மலைமேல் போகும்போது அழுகுரல் கேட்கிறது. ஓடிப் பார்த்தால் எறும்புப் புற்றைத் தீ சூழ்ந்திருக்கிறது. வாளை உருவிப் புற்றைத் தரையோடு வெட்டித் தீயிலிருந்து காப்பாற்றுகிறான். எறும்புகள் அவனை வாழ்த்தி, எந்த மனிதனாலும் மீட்க முடியாததை நாங்கள் மீட்டுத் தருகிறோம் என்கின்றன. மண்ணுக்குள் போன ஒன்பது மரக்கால் விதையையும் பொறுக்கிக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அளந்து பார்த்தால் ஒரே ஒரு விதை குறைகிறது. இருட்டுவதற்குள் ஒரு நொண்டி எறும்பு அதையும் கொண்டுவந்துவிடுகிறது.

அந்த நொண்டி எறும்பை நினைக்கும்போதெல்லாம் மனம் இளகிப்போகிறது. பன்றி வேட்டை, மாயக் கொப்பரை என்று பெரிய பெரிய சாகசங்கள் வருகிற கதையில், கல்யாணப் பெண்ணின் முக்காட்டுக்கான நூல் ஒரு நொண்டி எறும்பின் முதுகில் வருகிறது.

இந்தக் கதை சுவடியிலேயே கிடந்திருந்தால் பெயரும் அங்கேயே கிடந்திருக்கும். வெளியே கொண்டுவந்தவர் சார்லட் கெஸ்ட். 1812இல் இங்கிலாந்தில் ஒரு பிரபு வீட்டில் பிறந்தவர். 1833இல் வேல்ஸின் டவுலைஸ் இரும்பாலை முதலாளியை மணந்து மெர்த்திர் டிட்ஃபிலுக்கு வந்தார். ராப்பகலாக உலை எரிகிற ஊர். 1840களில் உலகத்திலேயே பெரிய இரும்பாலைகளில் அது ஒன்று. அங்கே உட்கார்ந்து வெல்ஷ் கற்றுக்கொண்டு, பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடி, வெல்ஷ் அறிஞர்களின் துணையோடு இந்தப் பழங்கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1838 முதல் பகுதி பகுதியாக வந்து, 1849இல் மூன்று தொகுதிகளாக 'மபினோகியன்' என்ற பெயரில் வெளியானது. 1852இல் கணவர் இறந்த பிறகு ஆலையையும் அவரே நிர்வகித்தார். அவர் மொழிபெயர்ப்பில் சில பூக்கள் மாறியிருக்கின்றன: ஃபாக்ஸ்குளோவ் ரோஜா ஆகியிருக்கிறது, சதுப்புத் தளிர் காட்டு அனிமோன் ஆகியிருக்கிறது. காலடிப் பூவை மட்டும் அவரும் மாற்றவில்லை.

அந்த ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. 1847இல் வேல்ஸ் பள்ளிகளைப் பற்றி அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. தயாரித்த மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கப் போனவர்கள், வெல்ஷ் மொழி முன்னேற்றத்துக்குத் தடை என்றும் வெல்ஷ் பெண்கள் ஒழுக்கம் குறைந்தவர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வேல்ஸ் மக்கள் அதை இன்றும் கசப்போடு சொல்கிறார்கள். அந்த அவமானம் ஆறுவதற்குள்தான் மபினோகியனின் மூன்று தொகுதிகள் வந்தன. அதன் பிறகுதான் ஒல்வென், ப்ரான்வென் போன்ற பழங்கதைப் பெயர்களைச் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கு வைக்கத் தொடங்கின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய ஒல்வென், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேல்ஸ் முழுக்கக் கேட்கிற பெயராகிவிட்டது. ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று ஒரு சில குடும்பப் பெயர்களையே ஊர் முழுக்கப் பகிர்ந்துகொள்கிற நாடு அது. முதல் பெயரில்தான் தன் மொழியைக் காட்ட முடியும். நூறு வருடம் முன்பு மகளுக்கு ஒல்வென் என்று வைத்த சுரங்கத் தொழிலாளி பூவை மட்டும் நினைத்து வைத்தார் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்து அந்தப் பெயர் வயதானது. இப்போது வேல்ஸில் ஒல்வென் என்றால் முதலில் மனதில் வருவது பாட்டிகள். தங்கை தயங்கியதும் அதனால்தான். "இங்க கேட்டா பழைய பேருங்கறாங்க அண்ணா, ஃபியோன்னு வைக்கலாமாங்கறாங்க" என்றாள். அந்தப் பெயரை இன்றைய பெண் குழந்தைகளுக்குப் பரவலாக வைக்கிறார்கள். ஃபியோன் என்றால் ஃபாக்ஸ்குளோவ். ஒல்வென்னின் கன்னத்துக்குச் சொன்ன அதே பூ, அதே சொல்! "அதுவும் இவ கதையில இருந்துதாம்மா வருது. கன்னத்துப் பூவை வைக்கிறதும் காலடிப் பூவை வைக்கிறதும் உன் இஷ்டம்" என்றேன்.

என் ஓட்டு காலடிப் பூவுக்குத்தான், அதை அவளிடம் மறைக்கவில்லை. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் தடுமாறாமல் கூப்பிடலாம், தமிழில் எழுதினாலும் ஓர் எழுத்துக்கூடச் சிதையாது. கடைசியாக அவள் கேட்டது, முதலெழுத்து குறிலா நெடிலா என்று. குறில். அழுத்தம் முதல் அசையில்: ஒல்வென்.